ஆட்டம் முடிந்ததும் திறக்கும் அட்டைப்பெட்டி

கடைசி விசில் ஊதியதும் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். கோல் போட்ட பிள்ளையும் சரி, கோலைக் கோட்டைவிட்ட பிள்ளையும் சரி, ஓடுவது ஒரே திசையில்தான். எல்லைக்கோட்டுக்கு வெளியே யாரோ ஒரு அம்மாவோ அப்பாவோ திறந்து வைத்திருக்கும் அட்டைப்பெட்டியை நோக்கி. எத்தனைக்கு எத்தனை என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். இன்றைக்கு என்ன ஸ்நாக்ஸ் என்று கேட்டால் ஒருவர் விடாமல் சொல்வார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றிப் பெற்றோருக்குள் இருக்கும் மனத்தாங்கல், நடுவரின் தீர்ப்பைப் பற்றி இருப்பதைவிட அதிகம். சத்தம் மட்டும் குறைவு. ஒருவர் "சின்னப் பிள்ளைகள்தானே, வாரத்துக்கு ஒரு நாள் தின்றால் என்ன?" என்பார். இன்னொருவர் "ஒரு மணி நேரம் ஓடியதற்கு எதற்கு இவ்வளவு சர்க்கரை?" என்பார். மூன்றாமவர் வாயே திறக்கமாட்டார். மறுநாள் தன் முறை என்பது ராத்திரி பத்து மணிக்கு ஞாபகம் வந்து, எந்தக் கடை திறந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருப்பார். இந்த மூன்று பேராகவும் நான் இருந்திருக்கிறேன். என் மகனின் கால்பந்து அணிக்கு இரண்டு சீசன் ஸ்நாக்ஸ் பட்டியல் போட்டவனும் நான்தான், அந்தப் பட்டியலை ஒழித்துவிடலாம் என்று கை தூக்கியவனும் நான்தான்.

அணிக்கு அணி நடைமுறை மாறினாலும், சுற்றிச் சுற்றி வழிகள் நாலுதான். குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொண்டுவரலாம். அவரவர் பிள்ளைக்கு அவரவர் கொடுத்துவிடலாம். பொதுவில் பணம் போட்டு ஒருவர் வாங்கலாம். இல்லையென்றால் தண்ணீர் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று விட்டுவிடலாம். நான்கையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது, இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன என்பதுதான். ஒன்று, பிள்ளையின் பசி. மற்றது, ஆட்டம் முடிந்தபின் இரண்டு அணிப் பிள்ளைகளும் புல்லில் கால் நீட்டி உட்காரும் அந்தப் பத்து நிமிடம். ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டையும் தீர்க்கப் பார்க்கிறோம். பசிக்குத் தேவைப்படுவதைவிட அதிகமாகவும், அந்தப் பத்து நிமிடத்துக்குத் தேவையே இல்லாததாகவும் பெட்டி வீங்கிக்கொண்டே போகிறது.

முதலில் பசிக் கணக்கு

"ஓடியாடி வந்த பிள்ளைக்கு எதுவும் கொடுக்காமல் எப்படி?" என்ற கேள்வி நியாயமானதுதான். எவ்வளவு ஓடியது என்பதைத்தான் நாம் மிகைப்படுத்திவிடுகிறோம். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் 189 ஆட்டங்களைக் கூடவே நின்று கவனித்திருக்கிறார்கள். ஒரு ஆட்டத்தில் ஒரு பிள்ளை செலவழித்தது சராசரியாக 170 கலோரி. ஆட்டம் முடிந்ததும் கைக்கு வந்த ஸ்நாக்ஸ் சராசரியாக 213 கலோரி.

முதல் தடவை படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் என் மகனை மட்டும் கவனித்தேன். ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்தான், மேலே போன விமானத்தைப் பார்த்தான், மாற்று ஆட்டக்காரர்களோடு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றான், பந்து மறுகோடியில் இருந்தபோது எதிரணிப் பையனோடு பேசிக்கொண்டிருந்தான். உண்மையாக ஓடிய நேரத்தைக் கூட்டினால் அரை மணி தேறாது. எட்டு வயதில் ஆட்டம் என்றால் அப்படித்தான். அதில் ஒரு குறையும் இல்லை.

43 கலோரி கூடிவிட்டதே என்று யாரும் தலையில் கை வைக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் உறுத்துவது சர்க்கரைதான். அதே ஆய்வில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த சர்க்கரை சராசரியாக 26 கிராமுக்குச் சற்று மேல், அதில் பெரும்பகுதி பானத்திலிருந்து. 2 வயதிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாள் ஒன்றுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது அமெரிக்க இதய சங்கம். காலை முதல் ராத்திரி வரைக்குமான பங்கு முழுவதும் கார் கதவைத் திறப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது.

ஆகவே பெட்டியில் எதைக் குறைப்பது என்று என்னிடம் கேட்டால், முதலில் பாட்டில்களை எடுத்துவிடுவேன். விளையாட்டுப் பானங்களில் பெரும்பாலானவற்றில் 100 மில்லிக்கு 6 கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது. அரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம். டீஸ்பூனால் அளந்தால் ஏழுக்கும் மேல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2011ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: வழக்கமாக விளையாடும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் போதும், விளையாட்டுப் பானம் பெரும்பாலும் தேவையில்லை, காஃபீன் கலந்த எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. நீண்ட நேரம் விடாமல் வியர்க்க ஓடுகிறவர்களுக்குத்தான் உப்பும் சர்க்கரையும் கலந்த பானத்துக்கு வேலை இருக்கிறது. பற்களின் கதை தனி. அந்தப் பானங்களில் சர்க்கரையோடு அமிலமும் உண்டு. ஒரே மூச்சில் குடித்துவிட்டாலாவது பரவாயில்லை, வீடு போய்ச் சேரும் வரை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் எனாமலுக்கு ஓய்வே கிடையாது.

முறை வைத்துக் கொண்டுவருவது

எல்லா அணிகளும் ஆரம்பிப்பது இதில்தான். சீசன் தொடக்கத்தில் ஒரு பட்டியல், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு குடும்பம். இதை ஒரேயடியாகத் திட்டுகிறவர்கள், தன் முறை வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். எங்கள் முறைக்கு முந்தின நாள் ராத்திரி என் மகன் சாப்பாட்டு மேசையில் பதினான்கு பொட்டலங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு ஒரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தான். அவனோடு சண்டை போட்டிருந்த பையனின் பெயர் வந்தபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, அதையும் சொன்னான். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்தபோது அவன் நடையே வேறு. ஒரு கோலும் போடாத பிள்ளைக்குக்கூட அணிக்குத் தன்னால் ஏதோ ஆயிற்று என்ற நினைப்பு அன்றைக்குக் கிடைக்கிறது.

சிக்கல் இரண்டாவது மாதத்தில் தொடங்குகிறது. முதல் வாரம் ஒருவர் பழம் கொண்டுவருகிறார். அடுத்த வாரம் பழத்தோடு பிஸ்கட். அதற்கடுத்த வாரம் பழம், பிஸ்கட், பாட்டில். பிறகு ஒருவர் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எழுதி ரிப்பன் கட்டிய பைகளோடு வருகிறார், உள்ளே ஒரு சின்னப் பொம்மை வேறு. மற்ற பெற்றோர் கைதட்டிப் பாராட்டுகிறார்கள். மனசுக்குள் அடுத்த வாரக்காரருக்கு வயிற்றைக் கலக்குகிறது. யாரும் போட்டி என்று சொல்லிக்கொள்ளமாட்டார்கள், ஆனால் போட்டிதான். கையில் பணம் இறுக்கமாக இருக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய சங்கடம் என்பதை நான் வெகு தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். தங்கள் முறை வரும் வாரங்களில் மட்டும் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது தடவைதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் மறதி. முறை மறந்த அப்பா ஒருவர், விசில் ஊதப் பத்து நிமிடம் இருக்கும்போது கார் சாவியோடு ஓடினார். மகன் அன்றைக்குப் போட்ட ஒரே கோல் அந்தப் பத்து நிமிடத்தில்தான் விழுந்தது. அவர் வாங்கி வந்தது என்ன என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர் முகம் ஞாபகம் இருக்கிறது.

தம்பி தங்கைகளின் கணக்கு இன்னொன்று. அணியில் பதினான்கு பேர் என்றால் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஆறேழு குட்டிகள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துக் கொண்டுவர வேண்டுமா? கூடாது என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. வேண்டும் என்று பட்டியலில் எழுதவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு வாரமும் நாலு வயதுக் குட்டி ஒன்று காலியான பெட்டியின் முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முறை வைக்கும் வழியில் என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான், ஒவ்வாமை. எங்கள் அணியில் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பெண்குழந்தை ஒருத்தி இருந்தாள், ஒன்பது வயது. எல்லாரும் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டிருப்பார்கள். அவள் மட்டும் தன்னுடையதைத் திருப்பி, கண்ணுக்கருகே பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பாள். படித்து முடித்து, சில நாள் தின்பாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் பைக்குள் போட்டுக்கொள்வாள். எந்த நாளும் முகம் மாறாது. அந்தப் பழக்கம்தான் எனக்கு மனசைப் பிசைந்தது.

அச்சிட்ட பொட்டலம் என்றால் படிக்கவாவது முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களை உறையில் தனித்துக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் பால், முட்டை, வேர்க்கடலை, மரக்கொட்டைகள், கோதுமை, சோயா, மீன், நண்டு இறால் வகை என்று எட்டாக இருந்தது, 2023 முதல் எள்ளும் சேர்ந்து ஒன்பது ஆகிவிட்டது. வீட்டில் செய்து அன்போடு கொண்டுவருவதில் எந்த எழுத்தும் இருக்காது. "கடலையே போடவில்லை" என்று செய்தவர் சத்தியம் செய்தாலும், வெட்டிய கத்தி முன்பு எதை வெட்டியது என்பது அவருக்கே நினைவிருக்காது. கடுமையான ஒவ்வாமை சில நிமிடங்களில் மூச்சை அடைக்கும். அப்போது உடனே போட வேண்டிய அட்ரீனலின் ஊசி எந்தப் பையில் இருக்கிறது என்பது அந்தப் பெண்ணின் அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் தெரியவந்தது. அன்று அவள் அம்மா மைதானத்தில் இல்லை.

ஒவ்வாமை மட்டுமல்ல. ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் சேரும் ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது, சைவக் குடும்பங்கள் அதைத் தொடமாட்டார்கள். நீரிழிவு உள்ள பிள்ளைக்கு ஓடியபின் சர்க்கரை இறங்குவதும் பிரச்சினை, கணக்கில் இல்லாத பொட்டலம் ஒன்று உள்ளே போவதும் பிரச்சினை. ஒரே பெட்டியில் இத்தனை பேரையும் அடக்குவது சுலபமில்லை.

அவரவர் டப்பா

ஒவ்வாமைக்கும் சர்க்கரைக்கும் பணத்துக்கும் ஒரே அடியில் பதில் இது. என் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளும், எவ்வளவு பசிக்கும் என்பது எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டேன், முடிந்தது. பட்டியல் இல்லை, நினைவூட்டல் இல்லை, மன்னிப்பு இல்லை.

நடைமுறையில் மூன்று ஓட்டைகள். முதலாவது, பிள்ளைகள் டப்பாவைத் திறந்த அடுத்த நொடியே பண்டமாற்று தொடங்கிவிடும். பெற்றோர் பிரித்து வைத்ததைப் பிள்ளைகள் சேர்த்துவிடுவார்கள், அதுவும் யார் கண்ணிலும் படாமல். ஒவ்வாமைக்காக இந்த வழிக்கு வந்தவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. இரண்டாவது, டப்பாவுக்கும் டப்பாவுக்கும் உள்ள வித்தியாசம். ஒருவனிடம் வாழைப்பழம், பக்கத்தில் இருப்பவனிடம் சாக்லேட். வாழைப்பழம் கொடுத்த அம்மா வீட்டுக்குப் போனதும் வாங்கிக் கட்டிக்கொள்வார். மூன்றாவது, வாரா வாரம் ஒரு பிள்ளையாவது டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு வரும். அந்தப் பிள்ளை மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்க்காத மாதிரி புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வழிக்கு மாறியபோது நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பிள்ளைகள் கூடி உட்காருவது நின்றுபோனது. டப்பா காரில் இருந்தது, ஆகவே காரில் ஏறியே சாப்பிட்டார்கள். ஆட்டம் முடிந்து ஐந்தாவது நிமிடம் மைதானம் காலி.

பொதுப்பணம், ஒரே கை

சீசன் தொடக்கத்தில் எல்லாரும் ஒரே தொகை போட்டு, ஒருவர் வாங்கி வந்துவிடுவது. கேட்க நியாயமாக இருக்கிறது. போட்டி இல்லை, மறதி இல்லை, யார் கொண்டுவந்தது என்ற பேச்சு இல்லை, ஒவ்வாமைப் பட்டியலை ஒரே ஆள் மனசில் வைத்திருந்தால் போதும்.

அந்த ஒரே ஆள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் கூட்டத்தில் மௌனம் நீண்டபோது தாங்க முடியாமல் "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னவர்தான். அவர்தான் பிறகு நாலு மாதம் எண்ணுகிறார், சுமக்கிறார், பணம் போடாத இருவரிடம் கூச்சத்தோடு நினைவுபடுத்துகிறார், ஊருக்குப் போக வேண்டிய சனிக்கிழமையில் பெட்டியை யாரிடம் ஒப்படைப்பது என்று அலைகிறார். பணத்தைச் சமமாகப் பங்கிட்டோம், வேலையைப் பங்கிடவில்லை. இன்னொன்றும் உண்டு. ஒரே ஆள் மொத்தமாக வாங்கும்போது கை தானாகவே கெட்டுப்போகாத பொருள் பக்கம் போகும். பழம் வாரா வாரம் வாங்கிக் கழுவி வெட்ட வேண்டியது. பொட்டலம் அலமாரியில் மூன்று மாதம் கிடக்கும். ஆகவே பொதுப்பணம் என்பது நாளடைவில் பொட்டலப் பணம் ஆகிவிடுகிறது. வாங்குகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

எதுவும் வேண்டாம்

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் மருத்துவக் காரணம் சொல்லி இதை யாராலும் எதிர்க்க முடியாது. தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அடுத்த வேளை சாப்பாட்டைச் சாப்பிட்டால் போதும். சொல்லப்போனால், ஆட்டம் முடிந்த ஸ்நாக்ஸ் கெடுப்பது அந்தச் சாப்பாட்டைத்தான். பொட்டலம் தின்ற பிள்ளை வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்துப் பசிக்கிறது என்று வந்து நிற்கும். பெற்றோருக்கு இது தெரியாததில்லை.

பிள்ளைகள் எதிர்ப்பார்கள் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நாங்கள் நிறுத்தியபோது முணுமுணுப்பு இரண்டு வாரம் நீடித்தது. மூன்றாவது வாரம் யாரும் கேட்கவில்லை. பெரியவர்களில் இரண்டு பேர்தான் சீசன் முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. பள்ளியிலிருந்து நேராகப் பயிற்சிக்கு வரும் பிள்ளை மத்தியானம் சாப்பிட்டு நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வாய். ஆட்டம் முடிந்தபின் பெட்டி திறப்பது அதற்கு உதவவே உதவாது. இத்தனை காலமும் இதை யாரும் யோசிக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். அதேபோல, ஒரே நாளில் மூன்று ஆட்டம் நடக்கும் போட்டித் தொடரில் "தண்ணீர் போதும்" என்பது கொடுமை. அங்கே நிஜமான சாப்பாடு வேண்டும், ஆட்டங்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. தோற்றால் ஸ்நாக்ஸ் இல்லை, ஜெயித்தால் ஐஸ்கிரீம் என்று பேரம் பேசும் பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் எட்டு வயதில் பந்தைத் தடுக்கத் தவறியதற்கும் வாயில் ஒன்று விழாததற்கும் முடிச்சுப் போட்டுவிட்டால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை கோல் காக்க நிற்காது. நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, ஸ்கோர் போர்டுக்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது.

எது எப்போது

எல்லா நாளுக்கும் ஒரே விதி என்று போனால் எந்த வழியும் தோற்றுவிடும். வாரநாள் பயிற்சி என்றால் எதுவும் வேண்டாம், தண்ணீர் பாட்டில் மட்டும். பசியோடு வருகிற பிள்ளைக்கு வரும் வழியிலேயே கொடுத்துவிடட்டும். பெரிய பிள்ளைகளுக்கு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல், அவரவர் டப்பாதான் சரி. அந்த வயதில் பசியும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும், பொதுப் பெட்டியைச் சுற்றி நிற்க அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். நாள் முழுக்க நடக்கும் போட்டித் தொடருக்கும் அவரவர் சாப்பாடு, பொதுவில் தண்ணீர் மட்டும். சீசன் கடைசி நாளில் கேக்கோ வேறெதுவோ, யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

இனி, சின்னப் பிள்ளைகளின் வாராந்திர ஆட்டம். அங்கே மட்டும் முறை வைப்பதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பெட்டியைத் தூக்கி வரும் அந்த நடைக்கு ஈடாக வேறொன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கலாம் என்பதை முடிந்த மட்டும் சுருக்கிவிட வேண்டும்: ஒரே ஒரு பழ வகை, தண்ணீர். அவ்வளவுதான். பிஸ்கட் கூடாது, ஜூஸ் கூடாது, வீட்டில் செய்தது எவ்வளவு ருசியானாலும் கூடாது, பை கட்டுவது கண்டிப்பாகக் கூடாது. இப்படிச் சுருக்கியதும் போட்டிக்கு இடமில்லாமல் போகிறது, ஆரஞ்சைவிடப் பெரிய ஆரஞ்சு கொண்டுவந்து யாரும் யாரையும் மிஞ்ச முடியாது. செலவு ஏறாது. பழத்துக்கே ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் உண்டு, ஆனால் ஒரே பழம் என்றால் அதை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத அந்தப் பெண்குழந்தை இந்த ஏற்பாடு வந்தபின் எதையும் திருப்பிப் படிக்கவில்லை. திருப்பிப் படிக்க அதில் எழுத்தே இல்லை. கத்தியும் பலகையும் சுத்தமாகக் கழுவியதாக இருக்க வேண்டும் என்று மட்டும் எல்லாரிடமும் சொல்லி வைத்தோம்.

எதிர்ப்பு வந்தது. "பழத்தை யார் உட்கார்ந்து வெட்டுவது, பொட்டலம் என்றால் அப்படியே தூக்கி வந்துவிடலாமே" என்றார் ஒருவர், இரண்டு வேலை பார்க்கிற அம்மா. அவர் சொன்னதில் தவறே இல்லை. அவருக்காகத்தான் வாழைப்பழத்தையும் மாண்டரின் ஆரஞ்சையும் சேர்த்தோம், கழுவி எடுத்து வந்தால் போதும், உரிப்பது பிள்ளைகளின் வேலை. அதுவும் முடியாத வாரத்தில் ஒரு வரி செய்தி அனுப்பினால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார், காரணம் கேட்கக் கூடாது என்பது விதி. காய்ச்சல் வருவது அதோடு நின்றது.

வெட்டிய பழத்துக்குச் சில ஜாக்கிரதைகள் உண்டு. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஐஸ் பை வைத்த பெட்டி என்றால் கவலை இல்லை. திராட்சை கொண்டுவந்தால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுக்க வேண்டும், முழுத் திராட்சை அந்தச் சின்னத் தொண்டையில் அப்படியே அடைத்துக்கொள்ளும் அளவு. ஓடிக்கொண்டே தின்னும் குட்டிகளுக்கு இது இன்னும் ஆபத்து. உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்பதற்கு இப்படி ஒரு நல்ல சாக்கும் கிடைத்தது.

இதையெல்லாம் எப்போது பேசுவது என்பதும் முக்கியம். முதல் ஆட்டத்துக்கு முன்னால் பேசிவிட வேண்டும். நடு சீசனில் பேசினால், போன வாரம் ரிப்பன் கட்டியவர் தன்னைத்தான் குத்துகிறார்கள் என்று நினைப்பார். நான் அந்தத் தவறைச் செய்தேன், இன்றைக்கும் அவர் எனக்குத் தலையசைப்பதோடு சரி. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது, ஊசி யாருடைய பையில் எந்த அறையில் இருக்கும், அதைப் போடத் தெரிந்தவர் யார் என்பதைப் பயிற்சியாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பட்டியல் போடுகிறவர் ஒரு சீசனுக்கு மேல் போடக் கூடாது.

ஆரஞ்சுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், முதல் தடவை நான் தப்பாகப் போட்டேன். ஒரு பழத்தை ஆறு கீற்றாக வெட்டினால், பதினான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று வீதம் ஏழு பழம் வருகிறது. கீற்றைத் தோலோடு பல்லுக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஒருவரைப் பார்த்து ஒருவர் மஞ்சளாகச் சிரிப்பார்கள், அதற்கே ஆளுக்கு ஒரு கீற்று வீணாகும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தோல் போட ஒரு பையும், கை துடைக்க ஈரத்துணியும் மறக்கக் கூடாது. பழம் ஏழு போதும் என்றாலும் எட்டாக வாங்குங்கள். எட்டாவது, கோட்டுக்கு வெளியே நிற்கும் குட்டிகளுக்கு.